மஞ்சாடிப்புழை வடபழனிக்கு வந்த கோடை

மஞ்சாடிப்புழை வடபழனிக்கு வந்து சேர்ந்த அன்று விடிகாலையில் கவிஞர் சாத்துக்குட்டி, வாய் நிறைய பற்பசை நுரையோடு, லாட்ஜ் முற்றத்துக் குழாயைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, அதிலிருந்து வழக்கம்போல் காற்று மட்டும் வருவதைக் கண்டு, மதராஸுக்கு வந்த நாளையும் சினிமாவுக்குப் பாட்டெழுத வந்த புத்தியையும் சேர்த்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய கால்விரல்களுக்கிடையே குளிர்ந்த தண்ணீர் புகுந்தது. குனிந்து பார்த்தார். பச்சை நிறத் தண்ணீர், தேங்காய் மட்டை ஊறிய வாசனை, அதோடு உருண்டு வந்து அவர் கட்டைவிரலில் முட்டி நின்ற ஒரு சிவப்பு மஞ்சாடி விதை. வாசல்வரை போய் எட்டிப் பார்த்தால், சந்து முழுக்க, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரைக்கும், அவருடைய சொந்த ஊர் ஆறு படுத்துக் கிடந்தது.

“நீயா?” என்றார் நுரையைத் துப்பாமலே. ஆறு சலசலத்தது. களைப்பாக இருக்கிறது என்று சொன்னதுபோல் அவருக்குப் பட்டது. தூரமும் கொஞ்சநஞ்சமல்ல.

எப்படி வந்தது என்பதில் யாருக்கும் பெரிய குழப்பம் இருக்கவில்லை. மலபாரிலிருந்து மதராஸுக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்த வழி ரயில் வழிதான். ஆறும் அதையே பிடித்துக்கொண்டு வந்திருந்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்தே ஜன்னலோரம் ஓர் ஆறு கூடவே வந்ததாகவும், ஜோலார்பேட்டையில் வண்டி நின்றபோது அதுவும் நின்று மூச்சு வாங்கியதாகவும், டிக்கெட் பரிசோதகர் அதைப் பார்த்துவிட்டு, ஆற்றுக்கு எந்த வகுப்பு என்று தெரியாததால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டதாகவும் மங்களூர் மெயிலில் வந்தவர்கள் சொன்னார்கள். சென்ட்ரலில் இறங்கி, யாரிடமோ வழி கேட்டு, கூவத்தின் பக்கம் போகாமல் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி, கோடம்பாக்கம் மேம்பாலத்துக்கு அடியில் நுழைந்து, சிங்காரத்தோட்டச் சந்துக்குள் திரும்பி, லாட்ஜ் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ஓர் அடி நகரவில்லை. வந்த காரியம் அங்கேதான் இருந்தது.

சாத்துக்குட்டி ஊரில் இருந்தபோது கவிதை எழுதினார். அதைப் படிக்க ஆளில்லை. மலையாளப் படங்களெல்லாம் மதராஸில் உருவான காலம் அது. ஒரே ஒரு படத்துக்குப் பாட்டெழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று மனைவி சிருதையிடம் சொல்லிவிட்டு ரயிலேறியவர், காதோரம் நரைத்து, பிறகு மீசை நரைத்து, அந்த லாட்ஜின் மாடியறையிலேயே தங்கிவிட்டார். வீடு பார்த்ததும் உன்னை அழைத்துக்கொள்கிறேன் என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சொல்வதையும் விட்டார். ஓணத்துக்கு ஓணம் போய்க்கொண்டிருந்தார்; பிறகு ஓணத்துக்கு வெளியாகும் படங்களின் வேலையே அவரை ஓணத்துக்குப் போகவிடாமல் பண்ணியது. அடுத்த படம் முடியட்டும் என்பார். சினிமாவில் அடுத்த படம் என்பது முடிகிற சமாசாரமில்லை. சந்துக்காரர்கள் அவர் பெயரைச் சாத்துக்குடி சார் என்று மாற்றிக்கொண்டார்கள்; கூப்பிட்டால் போதும் என்று அவரும் விட்டுவிட்டார்.

அவருக்கு மெட்டுப் போடுகிறவர் நாசரேத்துக்காரரான ஜெபமணி மாஸ்டர். மெட்டுத்தான் முதலில் பிறக்கும், வார்த்தை பிறகு வந்து அதற்குள் உட்கார வேண்டும். மாஸ்டர் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு தன்னன்ன தானா என்று போட்டுக் காட்ட, கவிஞர் எதிரே சம்மணமிட்டு அந்தத் தன்னன்னாவை மலையாளமாக்குவார். இதில் ஒரு சங்கடம் இருந்தது. மாஸ்டருடைய எல்லா மெட்டிலும் பல்லவியின் கடைசியில் ‘ஆ’ என்று இழுக்கும் நீண்ட ஆகாரம் ஒன்று வந்துவிடும். ஆர்மோனியம் அழுத்திக் கை வலிப்பதால் மனுஷர் அந்த இடத்தில் இளைப்பாறிக்கொள்கிறார் என்று வாத்தியக்காரர்கள் கேலி பேசுவார்கள். அந்த ஆகாரத்தை நிரப்ப மலையாளத்திலும் தமிழைப்போலவே மிக வாகான வார்த்தை, வா என்பதுதான்.

சரி, யாரை வா என்று கூப்பிடுவது? கண்ணை மூடினால் சாத்துக்குட்டிக்குத் தெரிந்தது மஞ்சாடிப்புழை. ஆகவே கதாநாயகி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடினாலும், குடிகாரன் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பாடினாலும், தாய் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடினாலும், அவர் பாட்டை எப்படியோ வளைத்து இழுத்துக்கொண்டு போய் ‘மஞ்சாடிப்புழையே வா’ என்று முடித்துவிடுவார். கேட்டவர்கள் உருகினார்கள். பாட்டுகள் வானொலியில் வந்தன. அவருடைய ஊரான மஞ்சாடிக்கடவில் வானொலி இருந்தது ஆற்றங்கரைத் தேநீர்க் கடையில். காலையிலும் மாலையிலும், வெயிலிலும் மழையிலும், வருஷக்கணக்காக ஒருவர் பெயர் சொல்லி வா வா என்று உருகிக்கொண்டிருந்தால் யாராக இருந்தாலும் ஒருநாள் கிளம்பத்தான் செய்வார்கள்.

அது மதராஸில் மழை பொய்த்த வருஷம். சந்து முனையில் தண்ணீர் லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அந்த வரிசைக்கு ராணி தைலம்மா. காலையில் இட்லி சுட்டு விற்பவள், இடுப்பில் குடமும் வாயில் வெற்றிலையுமாக நின்றாள் என்றால் போலீஸ்காரர்கூட வரிசையில்தான் வருவார். அன்று காலை அவள் ஆற்றைப் பார்த்தாள், லாரி வரும் திசையைப் பார்த்தாள், மறுபடி ஆற்றைப் பார்த்தாள். குடத்தை முக்கி எடுத்து, ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, “இன்னா சார், உங்க ஊட்டு ஆறா இது?” என்று கேட்டாள். ஆமாம் என்றார் கவிஞர். “வரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வரக்கூடாதா? கோலம் போட்டு வச்சிருப்போமே” என்றாள் அவள்.

அதன்பிறகு சந்து ஆற்றை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள், பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்தபடியே துணி துவைத்தார்கள், சைக்கிள் கடைக்காரர் பங்க்சர் பார்க்கும் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு டியூபை நேரே ஆற்றில் முக்கினார், தபால்காரருக்குப் பக்கத்து ஸ்டுடியோவிலிருந்து ஒரு ப்ளைவுட் அன்னப்படகைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். புராணப் படத்துக்காகச் செய்யப்பட்டு, தண்ணீரையே பார்க்காமல் வெறும் தரையில் ராஜகுமாரிகளைச் சுமந்து கிழடு தட்டிய அந்த அன்னம், முதல் நாள் பயந்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. இரண்டாம் நாள் பழகிக்கொண்டது. முருகன் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட ஜோடிகள் மாலையும் கழுத்துமாக அதில் ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். தைலம்மா இட்லிச் சட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு அடுப்பு மூட்டிக் கரிமீன் வறுத்தாள். ஆற்றை விசாரிக்க வந்த ஓர் அதிகாரி இது மழைநீர் வடிகால் அல்ல, ஆகவே தன் பொறுப்பல்ல என்றார். அடுத்து வந்தவர் இது நம் மாநிலத்து ஆறே இல்லை, ஆகவே தன் பொறுப்பும் அல்ல என்றார். இருவரும் கரிமீன் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போனார்கள். ஆற்றின் சலசலப்பு முழுக்க மலையாளத்தில் இருந்ததால், சந்துப் பிள்ளைகள் கொஞ்ச நாளிலேயே ஒருவரையொருவர் மலையாளத்தில் வைதுகொள்ளப் பழகினார்கள்.

இதிலெல்லாம் மிகவும் பூரித்துப் போனவர் சாத்துக்குட்டிதான். காலையில் எழுந்ததும் ஆற்றில் முழுகினார், மத்தியானம் அதன் ஓரத்தில் காலை நனைத்துக்கொண்டு சாப்பிட்டார், சாயங்காலம் அதனோடு ஊர்க்கதை பேசினார். யார் வீட்டுத் தென்னையில் இடி விழுந்தது, எந்தப் பசு கன்று போட்டது, தோணிக்காரன் யாரோடு சண்டை என்று ஆறு எல்லாவற்றையும் சொன்னது. சிருதை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. இப்படியே நாள் போயிற்று, கவிஞர் கன்னத்தில் சதை போட்டது, அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

அவர் எழுதவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஜெபமணி மாஸ்டர். பெரிய படம் ஒன்றுக்கு ஒரு பாட்டு பாக்கி இருந்தது. மாஸ்டர் அன்னப்படகில் வந்து இறங்கி, மாடியேறி, மெட்டைப் போட்டார். கவிஞர் கண்ணை மூடினார். கண்ணை மூடினால் ஒன்றும் தெரியவில்லை. திறந்தால் ஜன்னலுக்குக் கீழே ஆறு இருந்தது. பக்கத்தில் இருக்கிறவளை வா என்று எப்படிக் கூப்பிடுவது? மாஸ்டர் மறுபடி போட்டார், மறுபடியும் போட்டார், சாயங்காலம்வரை போட்டார். “என்னவே, இத்தன நாளு ஆறு இல்லாமத்தான் ஆத்தப்பத்தி எழுதினீரா?” என்று கடைசியில் கேட்டார். அதுதான் உண்மை என்று அப்போதுதான் சாத்துக்குட்டிக்கு உறைத்தது. பாட்டைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது.

சிருதை வந்து இறங்கியது அந்த வாரத்தில்தான். மஞ்சாடிக்கடவுப் பஞ்சாயத்தில் அவள் ஓர் உறுப்பினர். காணாமல்போன ஆற்றைப்பற்றிப் பஞ்சாயத்துக் கூடியபோது, உன் ஆள் கூப்பிட்டுத்தானே போயிற்று, நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். வேலி தாண்டிப் போன மாட்டை ஓட்டிவரக் கிளம்புகிறவள் மாதிரி, மஞ்சள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளும் புறப்பட்டு வந்துவிட்டாள்.

சந்து முனையில் நின்று முதலில் ஆற்றைத்தான் அதட்டினாள். வெட்கமாக இல்லையா, ஊரெல்லாம் சிரிக்கிறது, கிளம்பு என்றாள். ஆறு தலை குனிந்ததுபோல் கொஞ்சம் வற்றியது, ஆனால் நகரவில்லை. பிறகு புருஷனைப் பார்த்தாள். குண்டாகிவிட்டீர்கள் என்றாள். அவர் அவளுடைய நெற்றி நரையைப் பார்த்தார். இடவப்பாதிக் காலம் நெருங்குகிறது, மழை இறங்கப்போகிறது, ஆறு இல்லாத ஊரில் மழை பெய்தால் தண்ணீருக்குப் போகும் வழி தெரியாது, வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்து எங்கே போவது என்று கேட்டு நிற்கும், அதற்குமுன் இதைத் திருப்பி அனுப்புங்கள் என்று அவள் நின்ற இடத்திலேயே விஷயத்தைச் சொல்லி முடித்தாள். பாட்டைக் கேட்டு வந்தது, பாட்டைக் கேட்டால்தான் போகும். அவள் சொன்னதில் யாருக்கும் மறுப்பில்லை.

ஆனால் பாட்டு வந்தால்தானே. ஆறு போகாமல் அவருக்குப் பாட்டு வராது. பாட்டு வராமல் ஆறு போகாது. சாத்துக்குட்டி முட்டி மோதி நாலு வரி எழுதினார். அதில் போ என்று எழுத வேண்டிய இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துப் போ என்று எவராவது சொல்வார்களா? போகிறவர்களே போகிறேன் என்று சொல்வதில்லை, வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். ஒருவழியாய்ப் ‘போய் வா’ என்று அவர் எழுதிக் கொடுக்க, மாஸ்டர் லாட்ஜ் வாசலில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து அதைப் பாடினார். ஆறு மரியாதைக்கு முழுவதும் கேட்டது. பிறகு வந்ததே போதும் என்பதுபோல் புரண்டு படுத்துக்கொண்டது. அந்தப் பாட்டில் உயிர் இல்லை என்பது எழுதியவருக்கே தெரிந்திருந்தது.

சிருதை காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழகிய வேலை. மாடியறையைக் கூட்டி, இத்தனை வருஷத்துச் சிகரெட் சாம்பலை அள்ளிக் கொட்டினாள். ஸ்டவ்வில் குடம்புளி போட்டு மீன்குழம்பு வைத்தாள். மாலையில் தைலம்மாவோடு படியில் உட்கார்ந்து, இவள் மலையாளத்திலும் அவள் மதராஸ் தமிழிலுமாக, இருவருடைய புருஷன்மார்களையும் அலசிப் பிழிந்து காயப்போட்டாள். தைலம்மாவின் புருஷன் ஓடிப்போனவன். ஓடிப்போனவனாவது ஓடினேன் என்று ஒப்புக்கொண்டான் என்றாள் சிருதை. தைலம்மா வெற்றிலை புரையேறச் சிரித்தாள். கவிஞர் மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. காலையில் கண் விழித்தால் அறையில் இன்னொருவர் வளையல் சத்தம் கேட்பதும் பிடித்திருந்தது. இதையும் அவளிடம் சொல்லவில்லை.

ஒருநாள் மேற்கே மேகம் கறுத்ததாக வானொலியில் சொன்னார்கள். சிருதை குடையை எடுத்துக்கொண்டாள். ஆறு வராவிட்டால் போகட்டும், தான் போய் ஆட்களைச் சேர்த்து ஒரு வாய்க்காலாவது வெட்ட வேண்டும் என்றாள். சாத்துக்குட்டி அவளோடு சென்ட்ரலுக்குப் போனார். வண்டி கிளம்ப நேரம் இருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே நின்ற அவரைப் பார்த்தாள்.

“இத்தனை பாட்டுல அவளை வா வான்னு கூப்பிட்டீங்க, வந்தா. அதே கடையில அதே ரேடியோ பக்கத்துல நானும்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டுலயாவது என்னைக் கூப்பிடுவீங்கன்னு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு வழக்கப்படி வருகிறேன் என்றாள். வண்டி போயிற்று. சாத்துக்குட்டி பிளாட்பாரத்தில் நின்றார், கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் நின்றார், பிளாட்பாரம் பெருக்குகிறவர் காலை எடுங்கள் சார் என்று சொன்ன பிறகுதான் திரும்பினார்.

அறைக்கு வந்தார். அறை சுத்தமாக இருந்தது. ஸ்டவ்வின் மேல் மூடி வைத்த சட்டியில் மீன்குழம்பு இருந்தது. அதன் மூடியைத் திறந்ததும் அவருக்கு அழுகை வந்தது. வயதான மனுஷர், குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணை மூடினார். நெற்றி நரையும் மஞ்சள் குடையுமாக ஒருத்தி தெரிந்தாள். மாஸ்டரின் மெட்டு தானாக ஓடிற்று, பல்லவி முடிந்தது, அந்த நீண்ட ஆகாரம் வந்து நின்றது. வா என்று எழுதக் கை போயிற்று. அவர் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். கூப்பிட்டால் அவள் வருவாள், வந்தவள்தானே. யார் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ‘வராம்’ என்று எழுதினார். மலையாளத்தில் அதற்கு, நான் வருகிறேன் என்று அர்த்தம். ஆகாரம் அதிலும் அழகாக உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் மாஸ்டர் பாட்டைப் படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், ஒலிப்பதிவுவரை பொறுக்க முடியாதவராய் அங்கேயே லாட்ஜ் வாசலில் ஆர்மோனியத்தைப் பிரித்துவிட்டார். கடவுத்துறையில் விளக்கை ஏற்றி வை, தோணியை இந்தக் கரையில் கட்டி வை, உலையில் எனக்கும் சேர்த்து அரிசி போட்டு வை, வராம், வராம் என்று பாட்டுப் போயிற்று. சந்து முழுக்கக் குடத்தோடு நின்று கேட்டது. முதல் வராமில் ஆறு நிமிர்ந்தது. இரண்டாம் வராமில் அதற்குப் பதற்றம் வந்துவிட்டது. வருகிறேன் என்று ஒருவர் சொல்லியிருக்கும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் சுற்றினால் எப்படி? கடவைக் கழுவ வேண்டும், படியில் பாசி எடுக்க வேண்டும், தண்ணீர் நிறைத்து வைக்க வேண்டும், எவ்வளவு வேலை கிடக்கிறது. மஞ்சாடிப்புழை அள்ளிச் சுருட்டிக்கொண்டு எழுந்தது.

தைலம்மா மட்டும் கொஞ்சம் நில் என்றாள். உள்ளே ஓடி, மஞ்சளும் குங்குமமும் வெற்றிலைபாக்கும் ஒரு முழம் கதம்பமும் கொண்டுவந்து, பிறந்த வீட்டிலிருந்து பெண்ணை அனுப்புகிற மாதிரி ஆற்றில் விட்டாள். பிள்ளைகள் மேம்பாலம்வரை கூடவே ஓடினார்கள். சைக்கிள் கடைக்காரர் பழைய தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்னப்படகு தரை தட்டிச் சாய்ந்தது. லாட்ஜ் வாசலில் ஆறு நின்ற பள்ளத்தில் ஓர் ஊற்று மட்டும் மிச்சமிருந்தது. அதில் பிறகு அடிபம்பு போட்டார்கள். பக்கத்துத் தெருக்களில் குழாய் வறண்டு காறினாலும் அந்தப் பம்பு காறியதில்லை, தண்ணீரில் லேசாகத் தேங்காய் மட்டை வாசனை வரும்.

இனிச் சாத்துக்குட்டி கிளம்ப வேண்டியதுதானே. அங்கேதான் மனுஷர் பழைய மனுஷரானார். பேனா திறந்துகொண்டுவிட்டது, அவருக்குப் பாட்டு பாட்டாக வந்தது, மாடிப்படியில் தயாரிப்பாளர்களின் செருப்பு வரிசையாகக் கிடந்தது. இந்த ஒரு படம் முடியட்டும் என்று அவர் சொன்னதைத் தைலம்மா கேட்டுவிட்டாள். அவள் மாடிக்கு ஏறி வந்ததே அன்றுதான் முதல் தடவை. கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்து, கொடியில் கிடந்த வேட்டிகளை உருவி அதற்குள் போட ஆரம்பித்தாள்.

“பாட்டுல வரேன்னு எழுதிட்டு வராம இருந்தின்னா, அந்த ஆறு திரும்பி வந்தாலும் வரும். அந்தம்மா வராது சார்.”

சாத்துக்குட்டி எழுதுகிற பேனாவை எடுத்துத் தாமே பெட்டிக்குள் வைத்தார்.

அவர் மஞ்சாடிக்கடவில் இறங்கியபோது இடவப்பாதி மழை பெய்து ஓய்ந்திருந்தது. மழைத் தண்ணீரெல்லாம் வழி தெரிந்துகொண்டு ஒழுங்காக ஆற்றில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆறு நிறைந்து, கடவின் படியெல்லாம் கழுவி, வடபழனிக் குங்குமம் நெற்றியில் இன்னும் கரையாமல் ஒன்றுமே நடக்காத முகத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. தோணி இந்தக் கரையில் கட்டியிருந்தது. அக்கரையில் மஞ்சள் குடை நின்றது. அவர் தோணியைத் தள்ளி, பழக்கம் விட்டுப்போன கையால் கழியைக் கோணல்மாணலாக ஊன்றி, நனைந்து, ஒருவழியாக அந்தக் கரையை முட்டினார்.

“எத்தனை நாள் லீவு?” என்று கேட்டாள் சிருதை.

“மெட்டைத் தபால்ல அனுப்பச் சொல்லியிருக்கேன். இங்க உட்கார்ந்தே எழுதிக்கறேன்” என்றார் அவர். பிறகு, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தையையும் சொல்லிவிட்டார். “நீ இல்லாத அறை எனக்குப் பிடிக்கல, சிருதே.”

அவள் குடையை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

அன்றிலிருந்து மாஸ்டர் மெட்டை ஒலிநாடாவில் பதிந்து அனுப்பினார், கவிஞர் கடவுப்படியில் உட்கார்ந்து எழுதினார். ஆறும் எதிரே, பெண்டாட்டியும் எதிரே இருக்க இந்த மனுஷர் எதை நினைத்து உருகுவார் என்று தேநீர்க் கடையில் பந்தயம்கூட நடந்தது. ஆனால் கண்ணை மூடியதும் அவருக்கு இப்போது தெரிந்தது, ஒரு குறுகலான சந்து, வரிசையாகக் குடங்கள், இட்லிப் புகை, டியூபை முக்கிப் பார்க்கும் ஒரு தொட்டி, தரை தட்டிய அன்னம். அதையே நினைத்து உருகி உருகி எழுதினார். மாஸ்டரின் ஆகாரம் வழக்கம்போல் பல்லவி முடிவில் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றது. பார்த்து எழுதுங்கள் என்று சிருதை அடுப்படியிலிருந்தே எச்சரித்தாள். சரி சரி என்றார் அவர். ஆனால் அந்த இடத்தில் ‘வா’வைத் தவிர வேறு எந்த வார்த்தையும் உட்காரவில்லை.

அந்தப் பாட்டு வானொலியில் வந்து கொஞ்ச நாளைக்குப் பிறகு ஒரு விடிகாலையில், சாத்துக்குட்டி வாயில் நுரையோடு கடவுப்படியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அக்கரையில் தென்னந்தோப்பு இருந்த இடத்தில் குடங்கள் மோதும் சத்தம் கேட்டது. இட்லி ஆவி வாசனை ஆற்றைத் தாண்டி வந்தது. வரிசையில வா, வரிசையில வா என்று யாரோ யாரையோ மதராஸ் தமிழில் அதட்டிக்கொண்டிருந்தார்கள். சிருதை வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து அக்கரையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், உள்ளே போய் உலையில் இன்னும் நாலு படி அரிசி போட்டாள்.